ஒரு சிட்டிகை உசுப்பு

எங்கள் ஊரில் பேருந்துக்குக் காத்து நின்றவர் யாராக இருந்தாலும் என் சித்தப்பாவின் வலது கையைப் பார்த்திருப்பார். நிறுத்தத்தின் பின்பக்கத் தட்டியில், ரயில் நிலையப் படிக்கட்டுச் சுவரில், மேம்பாலத்துக்கு மேலே ஒரு வீட்டளவு பெரிதாக, அந்தக் கை ஒரு பீர் கிளாஸைப் பிடித்துக்கொண்டிருக்கும். விளிம்புக்கு மேல் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழுந்து, வழியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும். கீழே "நண்பன் வந்தால் நுரைக்கும்" என்று எழுதியிருக்கும். கை சித்தப்பாவுடையது. நுரையும் சித்தப்பாவுடையது. வாசகம் மட்டும் வேறு எவனோ எழுதியது. அவன் என் கண்ணில் பட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பேன்.

கையைத் தவிர சித்தப்பாவிடம் போஸ்டரில் போடும்படி ஒன்றும் கிடையாது. குள்ளம். பெரிய காது. சிரித்தால் ஈறு தெரியும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, கேட்டால், "என்னைப் பாத்தா எந்தப் பொண்ணு சம்மதிக்கும்? கையை மட்டும் கட்டிக்கிறேன்னு எவளாவது வந்தா பாக்கலாம்" என்பார். பீரை அவர் வாயில் வைத்ததே இல்லை. அந்த வாசனையே ஆகாது. "அம்மாடி, இது பாக்கறதுக்குன்னே செஞ்ச சாமான். இதைப் போய்க் குடிக்கிறாங்க பாரு" என்று என்னிடம் அதிசயப்படுவார்.

அவரை இந்தத் தொழிலில் கொண்டுவந்து விட்டவர் என் அப்பாதான். அப்பா ஒரு பீர் கம்பெனியில் விற்பனை ஆள். சித்தப்பா அப்போது ஒரு சோடாக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி ஒரு பெரிய போஸ்டருக்காக ஸ்டுடியோவில் காலையிலிருந்து மல்லுக்கட்டியது. விளக்குச் சூட்டில், ஊற்றிய ஒரு நிமிஷத்துக்குள் நுரை செத்துப் போகும். புகைப்படக்காரர் கேமராவில் கண்ணை வைப்பதற்குள் கிளாஸில் இருப்பது வேறு எதையோ ஞாபகப்படுத்தும். எதை என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ஸ்டுடியோக்காரர்களுக்கு சோடா கொண்டுவந்திருந்த சித்தப்பா, யாரோ சாப்பிட்டு வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து கிளாஸுக்குள் போட்டார். செத்த நுரை பொசுபொசுவென்று எழுந்து நின்றது.

"யோவ், என்னய்யா போட்டே அதுல?" என்று புகைப்படக்காரர் கத்தினாராம்.

"ஒண்ணுமில்ல சார், உசுப்பி விட்டேன்" என்றாராம் சித்தப்பா.

அன்றிலிருந்து அதற்குப் பெயர் உசுப்பு. சித்தப்பாவுக்குப் பெயர் நுரை. "நுரை வந்தாச்சா?" "நுரைக்கு டீ குடுத்தியா?" "நுரை, உசுப்பு!" என்று அந்த ஸ்டுடியோ இருபது வருஷம் கூப்பிட்டது. அங்கே அவர் பல வித்தை கற்றுக்கொண்டார். கிளாஸின் வெளிப்பக்கம் பனித்துளி மாதிரி நிற்பது கிளிசரின். ஐஸ்கட்டி பிளாஸ்டிக். பொன் நிறத்துக்கு டீத் தண்ணீர், தலை நுரைக்கு அடித்த முட்டை வெள்ளைக்கரு. ஆனால் எது போட்டாலும் கடைசியில் ஒரு சிட்டிகை உசுப்பு போட்டால்தான் புகைப்படக்காரர் பொத்தானை அமுக்குவார்.

இருமல் மிட்டாய் வந்த ஒரு சின்னத் தகர டப்பா சித்தப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். உள்ளே இருந்தது மளிகைக் கடையில் வாங்கின சாதாரண உப்புதான். ஆனால் அதை வறுத்து, இடித்து, துணியில் சலித்து டப்பாவில் அடைத்துவிட்டால் அப்புறம் அவருக்கு அது உப்பு இல்லை. நான் சின்னவளாக இருந்தபோது சாப்பாட்டில் உப்பு குறைகிறது என்று சிணுங்கினால், சித்தப்பா எழுந்து அடுக்களை வரை நடந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வருவார். டப்பா அவர் நெஞ்சிலேயே இருக்கும். அதைத் திறக்கலாமே என்று அவருக்கும் தோன்றியதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

இதை நான் ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்து நீட்டுவது எனக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டில் நடந்தது எல்லாம் இந்த ஒரு வார்த்தையால் நடந்தது.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் குடித்தது வேலைக்காக. ஒரு நாளைக்கு ஏழெட்டு பார் ஏறி இறங்குவார். புதுச் சரக்கு வந்தால் முதல் கிளாஸை முதலாளி முன்னால் அவரே குடித்துக் காட்ட வேண்டும். "குடிக்காதவன் வித்தா எவன் வாங்குவான்?" என்பார். வீட்டில் ஒரு பாட்டில்கூட வைத்ததில்லை. தெருவில் விழுந்து கிடந்ததில்லை, கையை ஓங்கினதில்லை. மறுநாள் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனால் அவரைக் குடிகாரர் என்று நாங்கள் யாரும் நினைக்கவே இல்லை. ஒருத்தர் பஸ் ஓட்டுகிறார், ஒருத்தர் துணி தைக்கிறார், எங்கள் அப்பா குடிக்கிறார். அம்மா நான் படித்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டாள். இருந்திருந்தாலும் அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

நடுவில் பீருக்கு விளம்பரம் கூடாது என்று சட்டம் வந்தது. கம்பெனி அசரவில்லை. அதே பெயரில் ஒரு சோடாவை இறக்கியதாகச் சொல்லி, அதே கிளாஸ், அதே கை, அதே நுரையோடு மறுபடி போஸ்டர் ஒட்டியது. அந்தச் சோடாவைக் கடையில் போய்க் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். "எப்படியோ சுத்தி வந்து நீ பழைய வேலைக்கே வந்துட்டே, சோடாக்காரா" என்று அப்பா சித்தப்பாவைக் கிண்டல் பண்ணுவார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். ஒரு நாள் அப்பா புதுக் கண்ணாடி போட என்னிடம் வந்து உட்கார்ந்தார். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. அன்று மதியமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈரல் சுருங்கிப் போயிருந்தது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "வேற ஈரல் வைக்கணும். சொந்தக்காரங்க யாராவது பாதி குடுக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஆறு மாசம் ஒரு சொட்டு படக்கூடாது. மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பாப்போம். நடுவில தொட்டாருன்னா நாங்க கத்தியை எடுக்க மாட்டோம்" என்றார்.

என் ஈரல் பொருந்தியது. பாதியை வெட்டிக் கொடுக்க நான் கையெழுத்துப் போட்டேன். நூற்றெண்பது நாள். கம்பெனி கொடுத்த காலண்டரில், சித்தப்பாவின் கைக்குக் கீழேயே, ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. நூற்றெண்பது நாள் அப்பா தாக்குப் பிடிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லிக் கொடுக்க ஒரு அம்மாள் இருந்தாள். நாங்கள் அவளுக்குப் பத்தியம்மா என்று பேர் வைத்திருந்தோம். அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "உப்பு கூடாது. உப்பு உள்ள போனா உடம்புல தண்ணி கோத்துக்கும், வயித்துல நிக்கும். அப்புறம் எங்க கையில இல்ல." நான் வீட்டுக்கு வந்ததும் உப்பு ஜாடியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். ரொட்டி, பிஸ்கட் எது வாங்கினாலும் கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸை வைத்து உறை மேல் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தேன். ஊரில் என்னைப் போல் உப்பை விரட்டியவள் ஒருத்தி இருக்க மாட்டாள்.

அப்பாவுக்குப் பகல் எப்படியோ ஓடிவிடும். மாலை ஆனால் கால் தரையில் பாவாது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பார். இருபதாவது நாள், கடையிலிருந்து நான் வருவதற்குள் ஆளைக் காணோம். சித்தப்பாதான் தேடிக் கண்டுபிடித்தார். நாலு தெரு தள்ளி ஒரு பார் வாசல் படியில், உள்ளே போகாமல், தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். எதிர்ச் சுவர் போஸ்டரில் சித்தப்பாவின் கை. "உள்ள போகலடா, சத்தியமா போகல. அந்த நுரையத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றாராம் அப்பா.

அதை என்னிடம் சொல்லிவிட்டு சித்தப்பா ஒரு வழி சொன்னார். "அம்மாடி, அண்ணனுக்கு நான் செஞ்சு தரேன். ஒரு சொட்டு சரக்கு இருக்காது. ஆனா பாத்தா பீரை விட பீரா இருக்கும். இருபது வருஷமா ஊருக்கே அதைத்தானே காட்டிட்டிருக்கேன்?"

எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டேன். டீத் தண்ணீர், பார்லி வேகவைத்த தண்ணீர், கசப்புக்கு எலுமிச்சைத் தோல், சோடா. முட்டை வெள்ளைக்கரு என்றார். பச்சை முட்டை நோயாளிக்கு ஆகாது, அது வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். "அப்ப நுரை சீக்கிரம் அடங்குமே" என்று கவலைப்பட்டார். பிறகு, "பரவாயில்ல, பாத்துக்கலாம்" என்றார்.

முதல் நாள் மாலை கிளாஸைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தார். போஸ்டரே மேஜைக்கு இறங்கி வந்தாற்போல் இருந்தது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். மேலுதட்டில் இருந்த நுரையை நாக்கால் மெதுவாகத் தடவி எடுத்தார். "டேய், என்னடா இது" என்றார். அவ்வளவுதான். கிளாஸ் காலி.

அதற்குப் பிறகு நாலு மாதம் எங்கள் வீடு சந்தோஷமாக இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். தினமும் மாலை மூன்று கிளாஸ். அப்பா மெதுவாகக் குடிப்பார், நுரை அடங்கும், சித்தப்பாவுக்கு அது பொறுக்காது, டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை போடுவார். மறுபடி அடங்கும், மறுபடி போடுவார். "முதலாளி, உங்க கடைக்கு எத்தனை பெட்டி எறக்கட்டும்?" என்று அப்பா விற்பனை ஆளாகப் பேசுவார். "போன தடவை எறக்கினதே விக்கல, போய்யா" என்று சித்தப்பா பார் முதலாளியாக முறைப்பார். இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரிப்பார்கள். ரத்தப் பரிசோதனை ஒவ்வொரு மாதமும் சுத்தமாக வந்தது. நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கிளாஸின் பக்கம் நான் போகவில்லை. அம்மா போன பிறகு அப்பாவின் சட்டையில் வரும் வாசனையோடுதான் நான் வளர்ந்தேன். பொய்யாக இருந்தாலும் அந்தக் கிளாஸை என்னால் தொட முடியவில்லை. ஒரே ஒரு வாய் நான் குடித்துப் பார்த்திருக்கலாம். நாலு மாதத்தில் ஒரே ஒரு வாய்.

ஐந்தாவது மாதம் அப்பாவின் கால் வீங்கி, செருப்பு வார் அழுந்தியது. பிறகு வயிறு முன்னால் வந்தது. வாரத்துக்கு வாரம் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசி போட்டு வயிற்றிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல குடிக்கிறாரா?" என்று கேட்டார். ரத்தத்தில் இல்லையே என்றேன். "அப்ப உப்பு" என்றார். "வீட்டுல உப்பே கிடையாது சார்" என்றேன். அவர் என்னை நம்பாத மாதிரி பார்த்தார்.

அந்தப் பார்வையை நான் அப்படியே கொண்டுபோய் சித்தப்பாவின் மேல் கொட்டினேன். ஆஸ்பத்திரி நடைபாதையில் பத்துப் பேர் பார்க்கக் கத்தினேன். "உண்மையச் சொல்லுங்க. நிஜ பீரை ஊத்திக் குடுத்தீங்களா? அவர் கெஞ்சினார், நீங்க குடுத்தீங்க, அதானே?"

"அம்மாடி, அண்ணன் மேல சத்தியமா இல்ல."

"அப்ப உப்பு எங்கேந்து வருது?"

"உப்பா? நான் ஏம்மா உப்பு குடுக்கப் போறேன்? நீ ஜாடியத் தூக்கிக் குடுத்தப்ப நான்தானே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்?"

அதுவும் உண்மைதான். அவர் பொய் சொல்லவில்லை. அன்று அந்த நடைபாதையில் நின்றபோதுகூட அந்த டப்பா அவர் சட்டைப்பையில் இருந்தது.

நாலு நாள் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்தியம்மாதான் முடிச்சை அவிழ்த்தாள். "அவர் வாய்க்குள்ள போறது ஒண்ணு விடாம எனக்கு எழுதிக் குடு" என்றாள். எழுதினேன். மாலைப் பானம் என்று எழுதியதில் விரலை வைத்தாள். "இதை எப்படிச் செய்யறாங்க? எனக்கு எதிரில செஞ்சு காட்டச் சொல்லு."

வார்டுக்குப் பின்னால், பால் சூடு பண்ணுகிற சின்ன அறையில் ஒரு மேஜை இருந்தது. சித்தப்பா வீட்டிலிருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுவந்தார். தலை வாரியிருந்தார், சட்டை மாற்றியிருந்தார். நான்கு நாளாகத் திருடனைப் போல் நடத்தப்பட்டவருக்கு, தன் பேரில் தப்பில்லை என்று காட்ட ஒரு வாய்ப்பு. டீத் தண்ணீரை அளந்தார். பார்லித் தண்ணீரை விட்டார். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து சோடாவை ஊற்றினார். அந்தக் கை எவ்வளவு அழகான கை என்று, கோபத்திலும் எனக்குத் தோன்றியது. நுரை எழுந்தது, கொஞ்சம் நின்றது, அடங்கியது. சித்தப்பா பத்தியம்மாவைப் பார்த்துப் பேசிக்கொண்டே, பார்க்காமலே, சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை போட்டார். நுரை பொசுபொசுவென்று எழுந்தது.

"பாத்தீங்களா? அவ்வளவுதான் மேடம். இதுல என்ன இருக்கு?"

"இப்ப போட்டீங்களே, அது என்ன?"

"இதா? இது உசுப்பு."

"உசுப்புன்னா?"

"நுரை அடங்கிட்டா எழுப்பி விடறது மேடம். எங்க தொழில்ல இது இல்லாம..."

பத்தியம்மா உள்ளங்கையை நீட்டினாள். அவர் கொஞ்சம் கொட்டினார். அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"ஐயா, இது உப்பு."

"இல்லம்மா, உசுப்பு" என்றார் சித்தப்பா.

சொல்லிவிட்டு டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி டப்பாவைப் பார்த்தார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து, அவர் காதிலேயே விழுந்து, இருபது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவருக்கு அது என்ன என்று புரிந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை, தரையில் உட்கார்ந்தார். "ஒரு கிளாஸுக்கு எத்தனை தடவை போடுவீங்க?" என்று பத்தியம்மா கேட்டாள். "அடங்க அடங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அப்பாவின் அறைக்குள் வரவில்லை. நடைபாதையில் சுவரோரமாக நின்றுகொண்டிருப்பார். அப்பாவுக்கு வயிற்றுத் தண்ணீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் கண்டது. உப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஈரல் ஏற்கெனவே அந்த நிலையில்தான் இருந்தது என்று டாக்டர் சொன்னார். நல்ல மனுஷர். ஆனால் உப்பு காரணமில்லை என்று அவர் சொல்லவில்லை.

ஒரு மதியம் அப்பா கொஞ்சம் தெளிவாக இருந்தார். "அவன் ஏன் வெளியவே நிக்கிறான்?" என்று கேட்டார். எனக்கு இருந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சிரித்தார். அந்த வயிற்றோடு சிரிக்க முடியாமல் சிரித்தார்.

"எனக்கு மொத நாளே தெரியும் பாப்பா."

"என்ன தெரியும்?"

"உப்பு போடறான்னு. எத்தனை வருஷம் குடிச்ச நாக்கு! உப்பு தெரியாதா?"

"தெரிஞ்சா ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவியே. கோவிச்சுக்காத, உன் சமையல் வாயில வைக்க முடியல. அவன் கிளாஸ்லதான் ஏதோ உயிர் இருந்துச்சு. பீருக்காக நான் சாயங்காலம் காத்துட்டிருந்தேன்னு நினைச்சியா? உப்புக்காகக் காத்துட்டிருந்தேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அவன்கிட்ட சொல்லிடு. அண்ணன் தெரிஞ்சுதான் குடிச்சார்னு சொல்லு. இல்லாட்டி அதையே நினைச்சு அழிஞ்சு போவான்."

"சொல்றேன்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து, நூற்று அறுபத்து மூன்றாவது நாள், அப்பா போனார்.

நான் சொல்லவில்லை. நாலு வருஷம் சொல்லவில்லை. காரணம் கேட்டால் என்னிடம் நல்ல காரணம் ஒன்றும் கிடையாது. என் உடம்பில் பாதி ஈரலை வெட்டிக் கொடுக்க நான் தயாராக இருந்தேன். அப்பாவுக்கு ஒரு சிட்டிகை உப்பு அதைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் செத்துப் போனவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. உயிரோடு இருந்தவரைக் கோபித்துக்கொள்வது சுலபமாக இருந்தது. சித்தப்பா எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். அவர் குனிவது எனக்கு வேண்டியிருந்தது. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்பாவின் காரியம் முடிந்த வாரமே சித்தப்பா எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டார். ஒரு சலவைக் கடைக்குப் பின்னால் வாடகைக்கு ஒரு அறை. ஸ்டுடியோவுக்குத் திரும்பவில்லை. புகைப்படக்காரரே வீடு தேடி வந்து, "நுரை, நீ இல்லாம ஒரு கிளாஸும் உருப்படல" என்று கூப்பிட்டாராம். "கை நடுங்குது சார்" என்றாராம். நடுங்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் வேலைக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் மேம்பாலம் தெரியும். கம்பெனி அந்தப் போஸ்டரை மாற்ற இரண்டு வருஷம் ஆயிற்று. இரண்டு வருஷமும் தன் கைக்குக் கீழேயே உட்கார்ந்து அவர் சீட்டுக் கிழித்தார்.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, அவர் சாப்பிடுகிற சாப்பாட்டுக் கடைக்குப் போய் சூப் வாங்கினேன். கடைக்கார அம்மாள், "உங்க சித்தப்பாவுக்குன்னா தனியா வெச்சிருக்கேன் இருங்க" என்று அடுப்போரத்திலிருந்து ஒரு சின்னப் பாத்திரத்தை எடுத்தாள்.

"தனியான்னா?"

"உப்பில்லாம. வந்த நாள்லேந்து அப்படித்தானே? ரத்தக் கொதிப்பான்னு கேட்டா இல்லைங்கிறார். நாலு வருஷமா அந்த மனுஷன் நாக்குல ஒரு கல்லு உப்பு பட்டதில்லம்மா."

தூக்குப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தக் கடை வாசலிலேயே நின்றேன். பிறகு திரும்பிப் போய் கொஞ்சம் உப்பு கேட்டு, ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டேன்.

சித்தப்பா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறையில் ஒரு நாற்காலி, ஒரு வாளி, ஆணியில் மூன்று சட்டை. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் தலை குனிந்தது.

"சித்தப்பா, அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார்."

சொன்னேன். அப்பா சொன்னபடியே, ஒரு வார்த்தை விடாமல், உயிர் இருந்ததென்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். சித்தப்பா இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ருசிச்சுத்தான் குடிச்சாரா அண்ணன்?"

"ஒரு சொட்டு விடாம."

அவர் கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை. நானும் அழுதேன். பிறகு கேட்டார்.

"எப்பம்மா சொன்னார்?"

"போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

சித்தப்பா தலையை ஆட்டினார். அவ்வளவுதான். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நான் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினேன். காகிதத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக் கலக்கினேன். "இனிமே போட்டுக்கலாம் சித்தப்பா" என்று கரண்டியை அவர் கையில் கொடுத்தேன். எனக்காகத்தான் வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கிப் போயிற்று.

"கரிக்குதும்மா" என்றார்.

இன்னொரு வாய் முயன்று பார்த்தார். முடியவில்லை. "நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பழக்கம் விட்டுப்போச்சு" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லி, கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

நான் எடுத்துக் குடித்துப் பார்த்தேன். உப்பு போதவே இல்லை.